வானை மறித்த மூட்டைகள்

— மம்பட்டியை அங்கால வை, நாகேஸ்வரி. இந்தக் குளத்துத் தண்ணிக்குப் பொறுப்பான விதானை நானோ, நீயோ?

— நீங்கள்தான், விதானையார். அதுதான் உங்களிட்டைக் கேக்க வந்தனான். வானடியிலை அடுக்கின மண்மூட்டையளை இழுக்க விடுங்கோ. குளத்திலை மிஞ்சுற தண்ணி வழிஞ்சு போற வானை அடைச்சால், அது வேறை எதாலை போறது?

— வாய்க்கால் துலுசுக் கதவு முழுக்கத் திறந்து கிடக்குது, கண்டியோ. அதாலை போகும்.

— துலுசாலை போறது ஒரு வாய்க்கால் தண்ணி. வாறது காடு முழுக்கப் பெஞ்ச தண்ணி. காலமை குளக்கட்டு தண்ணிக்கு மேலை முழங்காலளவு தெரிஞ்சது. இப்ப ஒரு சாண்.

— ஐம்பத்தேழாம் ஆண்டு வெள்ளத்தையே தாங்கின கட்டு இது.

— அப்ப வானடியிலை மூட்டை இல்லை.

— நான் என்ன விளையாட்டுக்கே அடுக்கினனான்? போன சிறுபோகம் தண்ணியில்லாமல் நெல் கருகேக்கை நீயும்தானே நிண்டு அழுதனீ. ரெண்டு சாண் தண்ணி கூட நிண்டால், வாற சிறுபோகம் கொலனி முழுக்கச் சோறு, கண்டியோ.

— ஓம், அழுதனான். மூட்டைக்கு மண் அள்ளினவையிலை நானும் ஒராள். இப்ப கட்டுக்குப் பின்னாலை, அடியிலை கசியுது.

— கசியாத கட்டு எங்கை இருக்கு?

— தெளிஞ்ச தண்ணி எண்டால் நான் பேசாமல் வீட்டை போயிருப்பன். கலங்கி வருது. உள்ளுக்கை மண் கரையுது, விதானையார். கட்டு உடைஞ்சால் கீழை இருக்கிற வீடுகள் என்ன கதி?

— நீர்ப்பாசன ஓவசியர் கிளிநொச்சியாலை வரட்டும். அவர் சொன்னால் இழுப்பம்.

— ரோட்டுக்கு மேலாலை தண்ணி ஓடுது, அவர் தோணியிலையோ வாறது? உள்ளதைக் கதைப்பம். வான் தண்ணி போற பள்ளத்துக்கை உங்கட நெல் நிக்குது.

— நிக்குதுதான். பச்சைப்பசேலெண்டு நிக்குது. அதை என்ரை கையாலை அழிக்கச் சொல்லுறியோ? வீட்டிலையும் இந்தக் கதை, இஞ்சையும் இந்தக் கதை.

— அது தண்ணிக்கெண்டு விட்ட பள்ளம். விதைக்காதேங்கோ எண்டு எத்தினை பேர் சொன்னவை.

— சும்மா கிடந்த நிலம்தானே, பிள்ளை. எனக்குப் பயமாக்கிடக்கு. உண்மையாச் சொல்லுறன். அந்த நெல்லும் போனால் நான் என்னத்தைத் தின்னுறது?

— நாங்கள் தின்னுறதைத்தான். நெல் அறுத்துச் சூடு மிதிக்கேக்கை ஒவ்வொரு வயல்காரரும் உங்களுக்கெண்டு நெல் ஒதுக்கிறம். காலமை கூடி முடிவெடுத்தாச்சு.

— எனக்குத் தெரியாமல் கூட்டமோ? ஆர் கூட்டினது?

— கோவிக்காதேங்கோ. அந்தக் கசியிற இடத்தை ஒருக்கா வந்து பாருங்கோவன்.

— பொறு. அங்கால என்ன இரைச்சல்?

— காத்தாயிருக்கும்.

— காத்து இப்பிடி இரையாது. விலத்து, நான் வானடிக்குப் போறன்.

— நில்லுங்கோ, இன்னும் ஒரு கதை கிடக்குது.

— உன்ரை கதை போதும். இந்தா, கட்டைப் பார். அதே ஒரு சாண்தான் இன்னும் கிடக்குது. தண்ணி ஏறுறது நிண்டுட்டுது. நான் சொன்னனானெல்லே? நீங்கள்தான் சும்மா பதைக்கிறியள்.

— மழை விடேல்லையே, விதானையார். ரெண்டு பேரும் நனைஞ்சுகொண்டுதானே நிக்கிறம்.

— அப்ப தண்ணி எங்கை போகுது?

— உங்கட வயலுக்கை. உங்களை இஞ்சை கதையிலை மறிச்சு வைக்கச் சொல்லிப்போட்டு, அங்கை முன்னுக்கு நிண்டு மூட்டை இழுக்கிறது உங்கட மனுசி.