திருப்பிச் சொல்லுங்கள்

சாட்சிக் கூண்டின் அருகே நின்று நடுங்கும் நாவுகளுக்கு நம்பிக்கை தந்த நல்லவரே! நீதிமன்றத்தின் நிதானக் குரலே! வழக்கறிஞர் முதல் வாயிற்காவலர் வரை ‘திருப்பிச் சொல்லு அக்கா’ என்று அன்போடு அழைக்கும் எங்கள் அக்காவே! வணக்கம்.

சாட்சிகளுக்கு உறுதிமொழியை வாசித்து, அவர்களைத் திருப்பிச் சொல்ல வைப்பது முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தங்கள் பணி. எங்களுக்கெல்லாம் அது மனப்பாடம். தங்களுக்கோ ஒவ்வொரு முறையும் புதுச்சொல்.

அந்தக் கொத்தனாரை மறப்போமா? ஒரு திருட்டு வழக்கில் ஓர் இளைஞர் சிறைக்குப் போவதா வீட்டுக்குப் போவதா என்பது அவர் சாட்சியில் இருந்தது.

“நான் சொல்றதைத் திருப்பிச் சொல்லுங்க” என்றீர்கள்.

“நான் சொல்றதைத் திருப்பிச் சொல்லுங்க” என்றார் அவரும்.

“ஐயோ, இது இல்லைங்க!”

“ஐயோ, இது இல்லைங்க!”

மன்றமே சிரித்தது; நீதிபதி கோப்பால் முகத்தை மறைத்துக்கொண்டார். தாங்கள் மட்டும் சிரிக்காமல், அனுமதி பெற்று, அவருக்குப் பொருள் சொன்னீர்கள்:

“உறுதின்னா அசையாததுங்க. நீங்க கல்லால சுவர் கட்டுறீங்கல்ல? இங்க சொல்லால கட்டணும். அவ்வளவுதான்.”

கொத்தனார் தலையைச் சொறிந்தார். “அப்ப எனக்கு வெளியில சொல்லிக் கொடுத்த சாட்சி நிக்காதும்மா. இருட்டுல திருடுனவன் முகமே தெரியல.”

வழக்கு விழுந்தது. இளைஞர் தம் தாயோடு வீடு போனார்.

‘உறு’ என்னும் வேரில் பிறந்தது உறுதி. உறுதிமொழியைக் குறிக்கும் ஆங்கில ‘அஃபர்மேஷன்’கூட லத்தீனில் ‘திடப்படுத்து’ என்னும் சொல்வழி வந்தது. நாம் சொல்லும் ‘ஆம்’ என்பதோ ‘ஆகும்’ என்பதன் சுருக்கம். தேநீர் ஆறுவதும் தெரியாமல் இவற்றை எங்களுக்கு விளக்கினீர்கள். “டீ குடிக்க வந்தா பாடமா அக்கா?” என்று சலித்துக்கொண்ட தட்டச்சர்தான் இன்று இம்மடலைக் கண்கலங்கத் தட்டச்சு செய்தார்.

சென்ற வாரம், பணி ஓய்வுக்காக மேசையை ஒழித்துக்கொண்டே, “இனிமே என் குரலுக்கு என்ன வேலை?” என்று கேட்டீர்கள். இதோ எங்கள் பதில்.

விழா நடக்கும் இதே மன்றத்தில், அதோ கூண்டு. ஏறுங்கள் அக்கா. இன்று வாசிப்பவர்கள் நாங்கள்:

“நான் நலமாக இருப்பேன். நெடுங்காலம் இருப்பேன். என் குரலுக்கு வேலை இருக்கும்.”

நாங்கள் சொல்வதைத் திருப்பிச் சொல்லுங்கள். முடிவில் ‘ஆம்’ என்றும் சொல்லுங்கள்.

ஆகும்.

அன்பில் அசையாத,
நீதிமன்ற ஊழியர்கள்