ஏழாம் அறைக்கு வருகை

"இந்த டிவியில படமே ஓடலையே, அப்புறம் ஏன் எல்லாரும் அதையே பாத்துக்கிட்டு இருக்காங்க?" என்று ஒரு சின்னப் பெண் என்னிடம் ஒருமுறை கேட்டாள். தாத்தாவைப் பார்க்க அப்பாவோடு வந்திருந்தவள். நியாயமான கேள்வி. எங்கள் கூடத்தில் நாற்காலிகள் எல்லாம் சுவரிலிருந்த திரையைப் பார்த்துத்தான் போடப்பட்டிருந்தன. திரையில் வெறும் எழுத்துகள். நான் அவளுக்கு ஒரு மிட்டாய் கொடுத்தேன். குழந்தைகளிடம் அன்பாக நடந்துகொள்ள வேண்டும் என்பது என் கொள்கை. இப்போது அதே கேள்வியை நீங்கள் விசாரணை அதிகாரியின் குரலில் கேட்கிறீர்கள். உங்களுக்கு மிட்டாய் கொடுத்து அனுப்ப முடியாது என்பதால் பதிலைச் சொல்லிவிடுகிறேன்.

நான் இந்த முதியோர் இல்லத்தின் மேலாளர். காலையில் கடவுளைக் கும்பிடாமல் அலுவலகக் கதவைத் திறந்ததில்லை. யாரையும் கை நீட்டி அடித்ததில்லை, குரல் உயர்த்தியதில்லை. இதை எல்லாரும் சொல்வார்கள். நீங்கள் இன்னும் கேட்டிருக்காவிட்டால் கேட்டுப் பாருங்கள்.

திரை வைக்க வேண்டும் என்பது நிர்வாகக் குழுத் தலைவரின் யோசனை. விமான நிலையத்தில் பார்த்துவிட்டு வந்து, நம் கூடத்திலும் அப்படி ஒன்று இருந்தால் கண்ணியமாக இருக்கும் என்றார். மாட்ட வந்தவரை நாங்கள் திரைக்காரர் என்றே கூப்பிட்டோம். அவர் திரைக்குப் பின்னால் உள்ளங்கை அளவு பெட்டி ஒன்றை ஒட்டினார். திரை வெறும் கண்ணாடி, பேசுவது இந்தப் பெட்டிதான் என்றார். முதல் தடவை ஓட்டியபோது எழுத்தெல்லாம் பக்கவாட்டில் சாய்ந்து வந்தது. பெரியவர்கள் எல்லாரும் தலையைச் சாய்த்துப் படித்தார்கள். பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் எங்களிடம் உண்டு. "விடுப்பா, கழுத்துக்கு நல்ல பயிற்சி" என்றார் அவர். திரைக்காரர் எங்கேயோ ஒன்றைத் தட்டினார், நிமிர்ந்துவிட்டது.

எனக்கு அவர் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். பெட்டிக்கு மின்சாரம் தனியாக வர வேண்டும்; திரையிலிருந்தே எடுத்தால் திரையை அணைக்கும்போது பெட்டியும் செத்துப்போகும். முதலில் கடிகாரத்தைச் சரிசெய்ய வேண்டும். பிறகு எந்தப் பக்கம் எந்த நேரத்தில் வர வேண்டும் என்று அட்டவணை போட வேண்டும். விடியும் முன் தானே ஒருமுறை அணைந்து தானே எழுந்துகொள்ளும். இதையெல்லாம் என் கைபேசியிலிருந்தே செய்யலாம்.

"நெட் போயிட்டா?" என்று கேட்டேன்.

"போனா போகட்டும் சார். கடைசியா நீங்க குடுத்ததை உள்ளயே வெச்சிருக்கும். அது பாட்டுக்குச் சொல்லிக்கிட்டே இருக்கும். உண்மையா பொய்யான்னெல்லாம் அதுக்குத் தெரியாது."

நல்ல வேலைக்காரருக்கு உரிய குணம் அது என்று அப்போதே எனக்குத் தோன்றியது.

பக்கங்களில் ஒன்று 'இன்றைய வருகை'. யாரைப் பார்க்க யார், எத்தனை மணிக்கு வருகிறார்கள் என்று காட்டும் பக்கம். சரியாக வருகிறதா என்று பார்க்கத் திரைக்காரர் மாதிரிக்கு ஒரு வரி போட்டிருந்தார்: 'அறை 7 – மகன் – மாலை 4 மணி.' அதை அழிக்க மறந்துவிட்டுக் கிளம்பிவிட்டார். அங்கிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது. ஆகவே நியாயமாகப் பார்த்தால் ஆரம்பித்தவன் நான் இல்லை.

ஏழாம் அறையில் இருந்தவர் தையல்காரம்மா. வாழ்நாள் முழுவதும் ஊருக்குத் துணி தைத்துக் கொடுத்தே மகனைப் படிக்க வைத்தவர். மகன் அவரைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனவர்தான். செலவுக்குத் தவறாமல் அனுப்புவார், தான் மட்டும் வரமாட்டார். அந்த அம்மா சாப்பாட்டைக் கிளறி வைத்துவிட்டு எழுந்துவிடுகிற ரகம். எங்கள் சமையலக்கா தினமும் அவரோடு மல்லுக்கட்டுவாள்.

அன்று அந்த வரியைப் பார்த்தவர், சத்தமில்லாமல் எழுந்து போய்க் குளித்தார். அலமாரியில் மடித்து வைத்திருந்த நல்ல துணியைக் கட்டிக்கொண்டார். மதியம் தட்டைக் காலி செய்துவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்டார். சமையலக்கா கரண்டியோடு அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். "சார், ஏழாம் நம்பர் ரெண்டாவது வாட்டி கேட்டு வாங்கிச் சாப்பிடுறாங்க சார்" என்று சொல்லும்போது அவள் கண் கலங்கியிருந்தது.

இதற்குப் பிறகு நான் போய், அது மாதிரிக்குப் போட்ட வரி என்று சொல்லியிருக்க வேண்டுமா? நீங்கள் சொல்லியிருப்பீர்களா? எனக்கு மனம் வரவில்லை. நான்கு மணிக்கு அந்த வரியை மாற்றினேன்: 'சாலை நெரிசல் காரணமாக வருகை தள்ளிவைக்கப்பட்டது.' தையல்காரம்மா அதை நிதானமாகப் படித்தார். "பாவம், அவன் என்ன பண்ணுவான், வண்டி நகந்தாத்தானே" என்றார். இரவுச் சாப்பாட்டையும் முடித்துவிட்டுத் தூங்கப் போனார்.

ஒருவருக்குக் கிடைக்கும் மருந்தை மற்றவர்களுக்கு மறுப்பது என்ன தர்மம்? முறை வைத்து எல்லாருக்கும் வருகை போட ஆரம்பித்தேன். ஒரே நாளில் எல்லாருக்கும் போடக்கூடாது, சந்தேகம் வரும். உண்மையாகவே வருகிறவர்களையும் நடுநடுவே கலந்துவிட வேண்டும். அட்டவணையில் காலையிலேயே எல்லாவற்றையும் பொருத்திவிடுவேன். வருகையும் அதில் இருக்கும், நான்கு மணிக்கு அது தள்ளிப்போவதும் இருக்கும். காரணங்களிலும் கவனமாக இருந்தேன். வெயில் கொளுத்தும் நாளில் மழையால் வர முடியவில்லை என்று ஒருநாளும் போட்டதில்லை. எதிலும் ஒரு நேர்மை வேண்டும் அல்லவா.

பலனை நீங்களே பார்க்கலாம். கூடம் சுத்தமாக இருந்தது. எல்லாரும் குளித்தார்கள், தலை வாரினார்கள், சாப்பிட்டார்கள். வீட்டுக்குப் போக வேண்டும் என்று வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு யாரும் அழவில்லை. மகன் வருகிற நாளில் யார் இல்லத்தை விட்டுப் போவார்கள்? நர்ஸம்மா தூக்க மாத்திரை கொடுப்பதுகூடக் குறைந்துவிட்டது. எங்களைப் பற்றி நிர்வாகக் குழு வெளியிட்ட ஆண்டு மலரில், உறவினர் வருகை இவ்வளவு அதிகமாக இருக்கும் இல்லம் வேறு இல்லை என்று அச்சடித்தார்கள். திரையில் வந்ததைத்தான் அச்சடித்தார்கள். நான் தனியாக எதையும் இட்டுக்கட்டவில்லை.

ஒரே ஒரு முறை பிசகியது. வாத்தியாருக்கு 'மகள்' என்று போட்டுவிட்டேன். மாலையில் அவர் அலுவலகத்துக்கு வந்து, உட்காரச் சொல்லும் வரை நின்றுகொண்டிருந்தார்.

"தம்பி, என் பொண்ணு போன வருஷமே தவறிட்டா. நான்தான் பக்கத்துல இருந்தேன்."

தவறுக்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் கையை அசைத்தார்.

"அதுக்குச் சொல்லல. அவ இல்லன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் நாலு மணி வரைக்கும் வாசலைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன். எனக்கே வெக்கமா இருக்கு. இனிமே இதைச் செய்யாத."

அவர் போன பிறகு வெகுநேரம் யோசித்தேன். இறந்துபோன மகளுக்காகவே ஒரு மனிதர் ஒரு பகல் முழுவதும் நம்பிக்கையோடு இருக்க முடிகிறது என்றால், உயிரோடு இருக்கும் பிள்ளைகளுக்காக மற்றவர்கள் எவ்வளவு சந்தோஷப்படுவார்கள். அவருக்கு மட்டும் நிறுத்திக்கொண்டேன். பெரியவர்கள் சொன்னால் கேட்டுக்கொள்கிற பழக்கம் எனக்கு உண்டு. பாவம், அவரும் அதன்பிறகு யாரிடமும் வாய் திறக்கவில்லை. சொன்னால் மற்றவர்கள் சாப்பிடமாட்டார்களே என்று இருந்திருக்கும்.

நீங்கள் கேட்க வந்த நாளுக்கு வருகிறேன்.

அன்று பணம் படைத்த சில விருந்தினர்களைத் தலைவர் அழைத்து வந்திருந்தார். எங்கள் இல்லத்தைப் போலவே இன்னும் சிலவற்றைக் கட்ட அவர்களுக்கு எண்ணம். கூடத்தின் நடுவில் அவர்களை நிறுத்தித் திரையைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார். ஏழாம் அறைக்கு அன்று முறை. தையல்காரம்மா வாசலுக்கு நேராக இருக்கும் நாற்காலியில் நல்ல துணியோடு உட்கார்ந்திருந்தார். மதியச் சாப்பாடு முடிந்த கொஞ்ச நேரத்தில் அவருக்கு மார்பை அடைத்தது. வேர்த்துக் கொட்டியது. நர்ஸம்மா நாடியைப் பார்த்தார், ஆம்புலன்ஸ் வண்டியை வரவழைத்தார். வண்டியும் வாசலில் வந்து நின்றுவிட்டது. தையல்காரம்மா நாற்காலியின் கையை விடவில்லை.

"நாலு மணிக்கு வர்றான்மா. நான் இல்லேன்னா அப்படியே திரும்பிப் போயிருவான். அவனுக்குப் பொறுமை கிடையாது."

சமையலக்கா ஈரக் கையோடு ஓடிவந்து, தரையில் உட்கார்ந்து அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். "யாரு வந்தா என்ன, வராட்டி என்ன, வண்டியில ஏறும்மா. நான் கூட வர்றேன். அடுப்பு கெடக்கு" என்றாள். அந்த அம்மா அவள் தலையைத் தடவிக் கொடுத்தாரே தவிர, எழுந்திருக்கவில்லை.

நர்ஸம்மா என்னிடம் வந்தார். அவர் புத்திசாலி. "சார், அவங்க பையன் நம்பரைக் குடுங்க. நேரா ஆஸ்பத்திரிக்கே வரச் சொல்லிடலாம். அதைக் கேட்டா இவங்க கெளம்பிடுவாங்க" என்றார். கொஞ்சம் நின்று, என் முகத்தைப் பார்த்து, "அவர் வர்றது நிஜந்தானே சார்?" என்று கேட்டார்.

கைபேசி என் கையில்தான் இருந்தது. இரண்டு தட்டுத் தட்டினால் போதும், வருகை தள்ளிவைக்கப்பட்டது என்று திரை அப்போதே சொல்லியிருக்கும். அந்த அம்மாவும் எழுந்து வண்டியில் ஏறியிருப்பார். எனக்கு அது தெரியும். தெரியாமல் செய்தேன் என்று நான் சொல்லவே இல்லை, தயவுசெய்து அப்படி எழுதிவிடாதீர்கள். ஆனால் அந்த நேரத்தில் தலைவர் திரையைப் பார்த்துக் கையை நீட்டி, "பாருங்க, இன்னிக்கும் எத்தனை பிள்ளைங்க வர்றாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சுட்டிக்காட்டும் வரி அவர் விரலுக்கு முன்னாலேயே மாறினால் எப்படி இருக்கும்? கூடத்தில் உட்கார்ந்திருந்த மற்றவர்கள் என்ன நினைப்பார்கள்? நான் ஒருவரை மட்டும் பார்க்க முடியாது. எல்லாருடைய நிம்மதியும் என் பொறுப்பு.

நான் தையல்காரம்மாவிடம் குனிந்தேன். அதுவரை எல்லாவற்றையும் பெட்டிதான் சொல்லிக்கொண்டிருந்தது. அன்று முதல் முறையாக நான் என் வாயால் சொன்னேன்.

"கெளம்பிட்டாரும்மா. வழியில இருக்காரு."

அந்த வலியிலும் அவர் சிரித்தார். "பாத்தியா" என்று சமையலக்காவிடம் சொல்லிவிட்டு, துணியை இழுத்துச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்றார் நர்ஸம்மா. விருந்தினர் முன்னால் ஒரு பெரியவரை இழுத்துப் பறித்து ஏற்றுவது மரியாதை இல்லை என்று நான் தடுத்துவிட்டேன். அவர்களைத் தோட்டத்தைப் பார்க்க அழைத்துக்கொண்டு போனேன். தோட்டம் எல்லாருக்கும் பிடித்திருந்தது.

நான் திரும்பி வந்தபோது சமையலக்கா அதே இடத்தில் அதே கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தக் கையில் பிடி இல்லை. மணி இன்னும் நான்கு ஆகவில்லை. நர்ஸம்மா ஒரு துணியை விரித்து மூடினார். பிறகு நான்கு மணி ஆனது. பெட்டி காலையில் சொல்லிவைத்ததைச் சரியாகச் செய்தது. வாத்தியார் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய், வகுப்பில் படிப்பதுபோல ஒவ்வொரு சொல்லாக உரக்கப் படித்தார். "சாலை, நெரிசல், காரணமாக." அவ்வளவுதான் படித்தார். என் பக்கம் திரும்பவும் இல்லை. அந்த நேரத்தில் அவர் அப்படிச் செய்திருக்க வேண்டியதில்லை என்று இன்றைக்கும் நினைக்கிறேன். கொஞ்சம் இங்கிதம் வேண்டும்.

மறுநாள் மகன் வந்தார். நல்ல மாதிரியான மனிதர்தான், தளர்ந்துபோயிருந்தார். அம்மா கடைசியாக என்ன சொன்னார் என்று கேட்டார். அவருக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று, உங்களைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தார் என்றேன்.

"நான் வர்றேன்னு சொல்லவே இல்லையே" என்றார் அவர்.

அதன் பிறகுதான் அவர் ஒவ்வொருவரிடமும் போய் விசாரித்ததும், உங்களிடம் புகார் வந்ததும். தன் அம்மாவைப் பார்க்க ஒருமுறைகூட வராத மகன் வைத்த புகார் இது என்பதை மட்டும் நீங்கள் மறக்கக்கூடாது. அவர் செய்ய வேண்டியதைத்தான் இத்தனை நாளும் அவருக்குப் பதிலாக நான் செய்துகொண்டிருந்தேன். நன்றியை நான் எதிர்பார்க்கவில்லை.

சமையலக்கா வேலையை விட்டுப் போய்விட்டாள். போகும் முன் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. தையல்காரம்மாவின் நல்ல துணியை மட்டும் துவைத்து மடித்து மகனிடம் கொடுத்துவிட்டுப் போனாள். உணர்ச்சிவசப்படுகிறவர்கள் இந்த வேலைக்கு ஒத்துவரமாட்டார்கள்.

பெட்டியை நீங்கள் எடுத்துக்கொண்டு போங்கள். கடவுச்சொல்லையும் தந்துவிடுகிறேன். உள்ளே இன்னும் ஒரு விஷயம் இருக்கும், நீங்களாகக் கண்டுபிடித்துத் தப்பாக நினைப்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். நேற்று மதியம் எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். கூடத்தில் ஒரு ஆள் இல்லை. நாற்காலிகள் மட்டும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தன. நான் கதவைச் சாத்திவிட்டு, கைபேசியைத் திறந்து, ஒரு வரி அடித்தேன்: 'அறை 7 – மகன் – வந்துவிட்டார்.' திரையில் அது நன்றாக, நிமிர்ந்து, பெரிய எழுத்தில் வந்தது. வாசலுக்கு நேரான நாற்காலியிலிருந்து பார்த்தால் கண்ணாடி போடாமலே படிக்கலாம். கைகட்டி நின்று கொஞ்ச நேரம் பார்த்தேன். பிறகு அழித்தேன். யாருக்கும் சொல்லவில்லை, நல்லது செய்தால் தம்பட்டம் அடிக்கக்கூடாது.

அந்த அம்மாவுக்கு நான் வைத்திருந்த பாக்கி அது ஒன்றுதான்.