பத்துக்கு நான்கு

எனக்குத் திருகாணிகளைப் பிடிக்கும். போன வழியிலேயே முகம் சுளிக்காமல் திரும்பி வரும் பொருள் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். டாக்டர், நேற்று அக்காவை வெளியே உட்காரவைத்துவிட்டு, "வீட்ல சமீபத்துல ஏதாவது நடந்துச்சா தம்பி?" என்று கேட்டீர்கள். ஒன்றுமில்லை என்றேன். அது முழுமையான பதில் இல்லை. மீதியை எழுதித் தருகிறேன்.

அக்கா ஸ்டுடியோவில் கிட்டார் வாசிப்பவள். பத்துப் பேர் சேர்ந்து வாசிக்கும்போது யாருடைய தந்தி இழையளவு இறங்கியிருக்கிறது என்று திரும்பிப் பார்க்காமலே சொல்வாள். மணிக்கட்டில் அறுவை சிகிச்சை ஆன பிறகு மரக் கிட்டாரின் தந்திகளை அவளால் அழுத்த முடியவில்லை. எலக்ட்ரிக் கிட்டாரின் தந்தி மெலிது, அழுத்த முடியும். ஆனால் ஒலி வேறு. ஸ்டுடியோவில் கருவிகளைப் பழுதுபார்த்த ஒருவர் அதற்காக ஒரு பெடல் செய்து கொடுத்தார். காலால் மிதிக்கிற, உள்ளங்கை அளவுப் பெட்டி. எலக்ட்ரிக் கிட்டாரை அதில் செருகினால் மரக் கிட்டாராக வெளியே வரும். தான் செய்வதை யாரும் காப்பியடிக்கக் கூடாது என்று சர்க்யூட்டின் மேல் கறுப்புப் பிசினை ஊற்றி இறுக்கிவிடுவார். அதனால் அவர் பிசின் அண்ணன். பெடலைக் கொடுத்துவிட்டு வேலை மாறி வேறு ஊருக்குப் போய்விட்டார்.

எனக்குக் கடைசி வருஷ ப்ராஜெக்ட். அடுத்தவர் செய்த பொருளைப் பிரித்து, எப்படிச் செய்தார் என்று கண்டுபிடிப்பதற்குக் கல்லூரியில் மதிப்பெண் உண்டு. வீட்டில் உதை உண்டு. அக்கா புகுந்த வீட்டாருடன் நான்கு நாள் வெளியூர் போனபோது பெட்டியை எடுத்தேன். கேட்டிருந்தால் கொடுத்திருப்பாள். கேட்கவில்லை.

ஹீட் கன்னால் பிசினை இளக்கி, ஊசியால் நெம்பினேன். ஒவ்வொரு பாகமாக வெளியே வர வர அளந்து எழுதிக்கொண்டேன். பலகையின் பின்பக்கம் ஒரு ரெசிஸ்டர் கோணலாக, அவசரத்தில் ஒட்டியதுபோல் இருந்தது. கணக்குப்படி அதற்கு அங்கே வேலையே இல்லை. அண்ணனின் கைப்பிழை என்று அதை நீக்கி என் வரைபடத்தைத் திருத்திக்கொண்டேன். கடைசித் துண்டுப் பிசின் வரும்போது பலகையின் செம்புக் கோடுகளையும் உரித்துக்கொண்டு வந்தது. குரங்கு கையில் பூமாலை என்பார்கள். குரங்காவது வரைபடம் போட்டு வைத்துக்கொள்ளாது.

வரைபடத்தைப் பார்த்துப் புதுச் சர்க்யூட் செய்து அதே பெட்டிக்குள் வைத்து, அதே திருகாணிகளைப் போட்டேன்.

அக்கா வந்து ஒரு நிமிஷம் வாசித்தாள்.

"என்னடா இது, தகர டப்பா மாதிரி கேக்குது?"

"எனக்கு ஒண்ணும் தெரியலையேக்கா. எப்பவும் போலத்தான் இருக்கு."

"இரு, பிசின் அண்ணனுக்கு ஒரு போன் போட்டுக் கேக்குறேன்."

என் ப்ராஜெக்ட் வாய்மொழித் தேர்வுக்கு ஆறு நாள் இருந்தது. போன் வேண்டாம், முதலில் பெட்டியில் கோளாறா காதில் கோளாறா என்று சோதித்துவிடலாம் என்றேன். விஞ்ஞான முறை. நண்பனிடமிருந்து இன்னொரு பெடல் வாங்கி வந்து காட்டினேன். அவள் சுவரைப் பார்த்து உட்கார வேண்டும். நான் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பத்து முறை மீட்டுவேன். எது எது என்று அவள் சொல்ல வேண்டும்.

நான்காவது முறை சொன்னாள், "டேய், நாலும் ஒரே பெட்டிதான்டா."

"இல்லக்கா. மாத்தி மாத்தித்தான் போடுறேன். ஏதாவது ஒண்ணு சொல்லு."

அவள் சொன்னதுதான் சரி. பத்து முறையும் ஒரே பெட்டி. நண்பனுடைய பெடலை நான் செருகவே இல்லை.

அதன் பிறகு அவள் ஊகித்துச் சொன்னாள். நான் தாளில் சரி, தவறு போட்டேன். பத்துக்கு நான்கு. பூஜ்யம் கொடுத்தால் சந்தேகம் வரும் என்பதால் நான்கு. அக்கா அந்தத் தாளை வாங்கி மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். பிசின் அண்ணனுக்குப் போன் செய்யவில்லை.

தேர்வில் நான் வகுப்பில் முதல்.

அடுத்த மாதம் அவள் ஸ்டுடியோவுக்கு இனி வரவில்லை என்று சொல்லிவிட்டாள். தன்னிடம் கிட்டார் கற்றுக்கொள்ள வந்தவர்களை வேறொருவரிடம் அனுப்பினாள். அம்மா அவளிடம் உரக்கப் பேசத் தொடங்கினாள். அதற்கு அக்கா கோபப்படவில்லை. அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. பிறகு முதல் முறையாக உங்களிடம் வந்தோம். காது பழுதில்லை என்று உங்கள் கருவி சொன்னது. வெளியே வந்ததும் அக்கா, "மெஷினுக்கு பீப் கேட்டாப் போதும்டா. எனக்கு மரம் கேக்கணும்" என்றாள்.

அன்றே பிசின் அண்ணனைக் கூப்பிட்டேன். பெடலை பஸ்ஸில் தொலைத்துவிட்டேன் என்றேன். திட்டாமல் இன்னொன்று செய்து அனுப்பிவிட்டுப் போனில் சொன்னார்.

"தம்பி, பின்பக்கம் ஒரு ரெசிஸ்டர் கோணலா இருக்கும். தப்புன்னு நெனச்சு யாராச்சும் எடுத்துடப்போறாங்க. கணக்குல அது வராது. உங்க அக்கா பக்கத்துல உக்காந்து, இது இல்ல, இது இல்லன்னு முப்பது நாப்பது மாத்தி, காதால கேட்டு வெச்சது."

போன ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்குத் தெரியாமல் பெட்டியை மாற்றிவைத்தேன். அக்காவை வற்புறுத்தி வாசிக்கவைத்தேன். முதல் மீட்டலில் முகம் மலர்ந்தது. இரண்டாவதில் கையை எடுத்துவிட்டாள்.

"நல்லா இருக்காடா?"

"நல்லா இருக்குக்கா."

"எனக்கும் நல்லாத்தான் கேக்குது. அதான் பயமா இருக்கு."

நடந்தது இதுதான். இதை அவளிடம் சொல்லிவிடலாம் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் நினைத்தேன். காதுதான் போய்விட்டதென்று இருப்பவளுக்குத் தம்பியும் போய்விட்டான் என்று சொல்வது நியாயமாகப் படவில்லை. இப்போது தினமும் சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போகிறேன். ஒவ்வொரு தந்தியாகத் தட்டி, சுருதி சரியா என்று என்னிடம் கேட்கிறாள். நான் சரி என்றால்தான் அடுத்த தந்திக்குப் போகிறாள். எனக்குச் சுருதி ஞானம் கிடையாது. ஆனாலும் பொறுமையாகக் கேட்டுச் சொல்கிறேன்.

உங்கள் படிவத்தின் கடைசிக் கேள்வியை அக்கா நிரப்பாமல் விட்டிருக்கிறாள். நோயாளி நம்பிச் சார்ந்திருக்க வீட்டில் ஒருவர் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு என்று எழுதி, என் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள்.