கவிழ்ந்த முன்கண்ணாடி

பழைய லென்ஸைத் துடைக்க, பலமுறை துவைத்த பருத்திச் சட்டையைவிட நல்ல துணி கிடையாது. கடையில் விற்பதை நம்பாதீர்கள், இன்ஸ்பெக்டர் அம்மா.

ஓட்ஃப்ரீடைப் பற்றிக் கேட்டீர்கள். அதற்கு எங்கள் லென்ஸ்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவனுடையதில் மூன்று கண்ணாடிகள். படத்தின் நடுவில் கூர்மை, ஓரங்களில் குழைவு. தொலைவிலுள்ள விளக்குகள் சோப்புக் குமிழிகள்போல விளிம்பு மின்னும் வட்டங்களாக விழும். அழகுதான், ஆனால் குறையால் வந்த அழகு. என்னுடையதில் ஆறு. நடுவில் ஒளித்துளை, இருபுறமும் மும்மூன்றாக, ஒரு பாதி மறுபாதியின் பிம்பம்போல. முன்பாதி செய்யும் தவறைப் பின்பாதி திருத்திவிடும். ஒரு புள்ளியிலிருந்து வரும் ஒளியை மறுபடி ஒரு புள்ளியாகவே சேர்க்கும். கோர்லிட்ஸ் புகைப்படச் சங்கத்தில் நானும் அவனும் வருடக்கணக்காக இதைத்தான் வாதிட்டோம்.

சென்ற வசந்தத்தில், சங்கச் செயலாளர் இர்ம்ஹில்ட் எல்லோருடைய லென்ஸ்களையும் வாங்கி, நைஸ்ஸே ஆற்றுப் பாலத்தை ஒரே இடத்தில் நின்று படமெடுத்தாள். பெயர் தெரியாதபடி மாட்டினாள். எது எந்த லென்ஸ் என்று நாங்கள் சொல்ல வேண்டும். ஒரு படத்தில் விளக்குகள் சுழன்று கலங்கியிருந்தன.

"இது யாரோ சந்தையில பொறுக்கின குப்பை," என்றேன்.

ஓட்ஃப்ரீட் படத்தைத் திருப்பினான். பின்னால் என் பெயர்.

"வோல்க்மார், தொடச்சுட்டு முன்கண்ணாடியத் திருப்பி மாட்டியிருக்கடா. கழட்டும்போதே விளிம்புல பென்சில் கோடு போடுன்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்."

"விடு ஓட்ஃப்ரீட், கேமராவயும் திருப்பிப் பிடிச்சா சரியாயிடும்," என்றாள் இர்ம்ஹில்ட்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு நான் பீர் குவளையை எடுக்கும்போதெல்லாம், "வாய் எந்தப் பக்கம்னு பாத்துக்கோ" என்பார்கள். கண்ணாடியைச் சரியாக மாட்டிவிட்டேன். ஆனால் என் படங்களை யாரும் நின்று பார்க்கவில்லை.

ஆகஸ்டில் அவனுக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை. வீட்டு மாடி அறையில் படுத்திருந்தான். என் லென்ஸை எடுத்துப் போனேன்.

"சரியா மாட்டிட்டேன். பாரு."

"மாத்திர போட்டிருக்கேன், கண்ணு சொருகுதுடா. போய் பிளம் கேக் வாங்கிட்டு வா, அப்புறம் பாக்கலாம்."

தூங்கிவிட்டான். ஒளித்துளையை முழுதாகத் திறந்து, லென்ஸைச் சூரியனைப் பார்க்க ஜன்னல் பலகையில் வைத்தேன். பின்னால் அவனுடைய கறுப்பு வெல்வெட் துணி இருந்தது, பக்கத்தில் துடைக்கும் ஸ்பிரிட். துணியை நான் நகர்த்தவில்லை. சூரியன் மேற்கே போகப் போக, லென்ஸுக்குப் பின்னால் ஒளிப்புள்ளி கிழக்கே நகரும். அது துணிக்கு வரும்வரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். நூல்போலப் புகை எழுந்தது. கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு இறங்கினேன்.

மூடியில்லாத லென்ஸை எங்களில் யாரும் வெயிலில் வைப்பதில்லை. கழற்றிய மூடி உடனே பைக்குள் போகும்; கை தானாகச் செய்துவிடும். அப்படித்தான் என் கோட்டுப் பையில் முன்மூடி, பின்மூடி இரண்டும் உங்களுக்குக் கிடைத்தன. அறை எரியும்போது அவன் என் பெயர் சொல்லிக் கூப்பிட்டதாக அடுத்த வீட்டுப் பெண்மணி சொன்னதும் உண்மை. பேக்கரி வாசலில் எனக்கும் கேட்டது. எழுந்து நடக்க அவனால் முடியாது என்று எனக்குத் தெரியும்.

நான்தான் செய்தேன், எழுதிக்கொள்ளுங்கள். கோபத்தில் செய்ததாக மட்டும் எழுதாதீர்கள். அவன்மேல் எனக்குக் கோபமே இல்லை. அந்த ஒளிப்புள்ளி கடுகில் பாதிகூட இல்லை, அம்மா. சுழலும் இல்லை, கலங்கலும் இல்லை. ஒரு நிமிடம் கண் திறந்து பார்த்திருந்தால் ஓட்ஃப்ரீடே ஒப்புக்கொண்டிருப்பான்.