ஐஸ் பையோடு ஓடியவள்

ஜானகி அத்தை அரைக்கும் சாம்பார் பொடியில் மல்லி கொஞ்சம் தூக்கலாக இருக்கும். எனக்கு அதுதான் பிடிக்கும் என்று வருடா வருடம் பூஜா லீவுக்குப் பெஹாலாவிலிருந்து ஒரு டப்பா கொடுத்தனுப்புகிறார்கள். அவர்கள் மகள் தேவிப்ரியா ஆட்டத்தில் அடிபட்டு விழுந்தபோது முதலில் ஓடிப் போனவள் நான். "நீலா மட்டும் ஓடலைன்னா எம்பொண்ணு அங்கயே கெடந்திருப்பா" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வார்கள். நான்கு வருடம் வாங்கிச் சமைத்துச் சாப்பிட்டேன். இந்த வருடம் டப்பாவைத் திறக்க மனம் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

2005இல் தேவியும் நானும் ஹவுராவை அடுத்த சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸில் அடுத்தடுத்த வீடு. ஒரே பாஸ்கெட்பால் அணி. அவள் முதல் ஐந்து பேரில் ஒருத்தி, நான் பெஞ்சு. எனக்கு ஓட்டம் போதாது. ஆனால் ஃப்ரீ த்ரோ, அதாவது எதிரணி ஃபவுல் செய்தால் கோட்டில் நின்று யாரும் மறிக்காமல் எறிவது, பத்துக்கு ஒன்பது விழும். தேவிக்குப் பத்துக்கு ஐந்துதான். இருந்து என்ன பயன்? யார் மீது ஃபவுலோ அவர்தான் எறிய வேண்டும். அவர் காயப்பட்டு வெளியேறினால் மட்டும், மாற்றாக வருகிறவர் எறிவார்.

ஹவுராவில் இறுதி ஆட்டம். ரயில்வேயில் விளையாட்டு ஒதுக்கீட்டில் பெண்களுக்கு அந்த வருடம் ஒரே ஒரு வேலை. அடுத்த வாரம் அதற்கான தேர்வு, எங்கள் அணியில் தேவியும் நானும் மனுப் போட்டிருந்தோம். அவளுக்குத்தான் கிடைக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். என் அம்மாவே அவளுக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டாள்.

நான்கு நொடிகள் பாக்கி, நாங்கள் ஒரு புள்ளி பின்னால். பந்தோடு எம்பிய தேவி மீது எதிரணிப் பெண் வந்து மோதினாள். விசில். இரண்டு ஃப்ரீ த்ரோ. தேவி வலது கணுக்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் கிடந்தாள். கோச் எழுந்திருப்பதற்குள் நான் ஐஸ் பையோடு ஓடினேன்.

"ஒண்ணுமில்லடி நீலா, லேசா பிசகிடுச்சு. நானே எறிஞ்சிடுவேன்" என்றாள்.

அவள் எறிந்தால் ஒன்று விழும், ஒன்று விழாது. பன்னிரண்டு பெண்களின் ஒரு வருட உழைப்பு அது. அணிக்காக யாராவது ஒருத்தர் யோசிக்கத்தானே வேண்டும்? இன்றைக்கும் அதைத் தப்பென்று நினைக்கவில்லை. கணுக்காலில் ஐஸ் பையை வைத்தேன். அதன் மறைவில் குதிகாலைப் பற்றி உள்பக்கமாகத் திருப்பினேன்.

"வலிக்குதுடி, விடு" என்றாள்.

நான் விடவில்லை. உள்ளே ஏதோ அறுந்துபோவது கைக்குத் தெரிந்தது. பிறகு விட்டேன்.

யாரும் சந்தேகப்படவில்லை. குவார்ட்டர்ஸில் யாருக்குச் சுளுக்கு என்றாலும் என் அம்மாவிடம்தான் வருவார்கள். எண்ணெய் போட்டு நீவி எடுத்துவிடுவாள். எனக்கும் அந்தக் கைப்பக்குவம் கொஞ்சம் உண்டு. மாற்றாக நான் இறங்கினேன். இரண்டும் விழுந்தன. ஜெயித்தோம்.

தேவிக்கு இரண்டு ஆபரேஷன் நடந்தது. அவள் அப்பா ரிட்டயர் ஆனதும் பெஹாலாவில் டிபன் கடை போட்டார்கள். அதிக நேரம் நிற்க முடியாததால் அவள் பின்கட்டில் உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிறாள். ஆஸ்பத்திரியில் நான் அழுதபோது அவள்தான் என்னைத் தேற்றினாள். "சுளுக்கெடுக்கத்தானே பாத்தே, விடுடி. வேணும்னேவா பண்ணே?" அன்று அழுதது பொய்யில்லை. அவளைவிட நெருங்கின சிநேகிதி எனக்கு இல்லை. இப்போதும் வேறு யாரும் கிடையாது.

அணிக்காகத்தான் செய்தேன் என்று இதுவரை எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்தேன். ஒரு விஷயம் விட்டுப்போயிருக்கிறது. பெஞ்சில் உட்கார்ந்தே விதிப்புத்தகம் எனக்கு மனப்பாடம். களத்தில் சிகிச்சை பெற்றவர் வெளியேறியே ஆக வேண்டும் என்று அதில் இருக்கிறது. காலில் ஐஸ் பையை வைத்த உடனேயே அந்த இரண்டு எறிகளும் என்னுடையவை ஆகிவிட்டன. திருப்பியது அடுத்த வாரத் தேர்வுக்காக.