வேரைத் துறந்து நடந்த காடு

அவைத்தலைவர் அவர்களே! மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே! லான்மடாவிலிருந்தும் க்யிம்யிண்டைங்கிலிருந்தும் வேலையை விட்டுத் திரண்டு வந்திருக்கும் ரங்கூன் தமிழ் மக்களே! அச்சுக்கூடக்காரன் பர்கத்துல்லா பேசுகிறேன்.

பண்டிதர் செல்லக்கண்ணு போய்விட்டார். எப்பேர்ப்பட்ட மனிதர்! ஸ்பெயின் தேசத்துப் பாதிரியார் ஒருவருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்து, பதிலுக்கு அவரிடம் ஸ்பானியம் கற்றவர். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் அந்த நாட்டில் ஒரு கவிதை நடை இருந்ததாம். எதையும் அதன் பெயரால் சொல்ல மாட்டார்களாம். அலங்காரத்தின் மேல் அலங்காரம், வேண்டுமென்றே இருட்டு. கற்றவனும் திணறுவானாம்! அந்த நடையில் நம் ரங்கூனைத் தமிழில் பாடியது யார்? நம் பண்டிதர் அல்லவா!

“வேரைத் துறந்து நடக்கும் காடு” என்று ஓர் அடி. நானே அச்சுக் கோத்தேன், ஒன்றும் விளங்கவில்லை. “உரை போடுங்க பண்டிதரே, இல்லேன்னா எவன் வாங்குவான்?” என்று மல்லுக்கு நின்றேன். “விளக்கேத்திட்டா மின்மினி தெரியுமா பாய்? போய்ப் பாருங்க” என்றார். அத்தோடு புத்தகம் பாதியில் நின்றது.

பிறகொரு நாள் காகிதக் கட்டு எடுக்க க்யிம்யிண்டைங் படித்துறைக்குப் போனேன். தேக்கு மரங்களைத் தெப்பமாகக் கட்டி ஆற்றில் மிதக்கவிட்டு வந்தார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் மரம்! “யா அல்லா! காடு நடக்குதே!” என்று கத்திவிட்டேன். கூலியாட்கள் சிரித்தார்கள். எனக்கோ உடம்பெல்லாம் சிலிர்த்தது. எத்தனை வருஷமாக அந்த ஆற்றைப் பார்க்கிறேன்! அடடா, அந்த அடியின் பொருளை உங்களுக்குச் சொல்லிக் கெடுத்துவிட்டேன், மன்னியுங்கள்.

இப்போது இந்தக் கூட்டத்தை நடத்தும் சபையார், உரை எழுதிச் சேர்த்தால் புத்தகத்தை வெளியிடலாம் என்கிறார்கள். நல்லெண்ணம்தான். ஆனால் முடிவு சொல்ல நான் யார்? பண்டிதரின் மனைவி ரத்தினம்மாளிடம் போனேன். பண்டிதர் கடைசியாக எழுதியதை வாசித்துக் காட்டினேன்.

“விறகில் உதிக்கும் சூரியன்,
வளையோசை கேட்டால்தான் கண் விழிக்கும்.”

அந்த அம்மாள் மூட்டாத அடுப்பையும் தம் வெறுங்கைகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, “இதுக்கு உரை வேணாம் அண்ணே” என்றார்.

பெரியோர்களே! சபை கைகொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அந்தப் புத்தகம் என் அச்சுக்கூடத்தில் அச்சேறும். ஒரு வரி உரை இருக்காது. பண்டிதருக்கு நான் செய்யும் சத்தியம் இது. பொருள் கேட்டு என் வாசலுக்கு வருகிறவர்களிடம் அவர் சொன்னதையே நானும் சொல்வேன்: போய்ப் பாருங்கள்!