மேட்டுப் பனியும் டயர்க் காத்தும்

கார்த்திகை பொறந்துட்டா டயர்ல காத்து தானாக் குறையும் அய்யா. ஓட்டை இருக்கணும்னு இல்ல. போடி வெயில்ல நின்னு அடிச்ச காத்து, மேட்டுக்கு ஏறி ஒரு ராத்திரி பனியில கெடந்தா இளைச்சுப்போகும். அதனால விடியக்காலம், வண்டியை எடுக்குறதுக்கு முந்தி, டயர் குளுந்து கெடக்குறப்பவே மீட்டரை வச்சுப் பாக்கணும். ஓடி வந்து சூடா இருக்குறப்பப் பாத்தா மீட்டர் கூடுதலாக் காட்டும். அதை நம்பிக் காத்தை எறக்கிவிட்டா மறுநா காலையில டயர் தொவண்டு போயிருக்கும். இதை என் தங்கச்சி புருசன் மொக்கையனுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். சொன்னதைக் கவனமாக் கேட்டுக்கிடுவான். அந்தக் கொணத்துல அவனைக் குறை சொல்ல முடியாது.

நீங்க எழுதிக்கிடுறதுக்குத் தோதா மெதுவாவே சொல்றேன். எனக்கு அவசரம் இல்ல.

என் பேரு ஜக்கையன். சொந்த ஊரு சிலமலை. போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் முதலாளியோட ஏலத்தோட்டத்துல டிரைவர். அவரோட பிளசர் காரும், ஏலக்கா மூட்டை ஏத்துற ஜீப்பும் என் பொறுப்பு. அப்பனும் ஆத்தாளும் காலராவுல போனதுக்கப்புறம் தங்கச்சி ராக்குவை வளத்தது நான். அவளுக்காக நான் கல்யாணமே பண்ணிக்கிடலை. ஊர்ல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க.

பொண்ணு கேட்டு வந்தவங்களையெல்லாம் திருப்பி அனுப்பினேன்னு ஒரு பேச்சு இருக்கு. நெசந்தான். ஒருத்தனுக்குக் குடி. ஒருத்தனுக்கு நெலம் இல்ல. இன்னொருத்தன் நல்லவன்தான், ஆனா கம்பத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்னான். அவ்வளவு தூரம் போய் அவ என்ன செய்வா?

தேவாரத்துக்காரன் மொக்கையன் வந்தப்ப மட்டும் ராக்கு என்னைக் கேக்காமலே, ஊர்ப் பெரியவங்களுக்கு முன்னால "எனக்குச் சம்மதம்"னு சொல்லிட்டா. நாலு பேரு இருக்குற எடத்துல நான் என்ன சொல்ல முடியும்? சரின்னேன். அவனுக்கு வண்டி ஓட்டத் தெரியும்கிறதால முதலாளிகிட்டச் சொல்லி ரெண்டாவது டிரைவராச் சேத்துவிட்டேன். தோட்டத்துல எனக்குக் குடுத்த வீட்டையே பலகையால தடுத்து ஒரு பக்கத்தை அவங்களுக்குக் கொடுத்தேன். அவ என் கண்ணு முன்னாலயே இருந்தா.

அவன் அவளை அடிச்சானான்னு கேட்டீங்க. இல்ல. ஒரு நாளும் கை நீட்டலை. சோறு கொழைஞ்சு போனாலும் சிரிச்சுக்கிட்டே திம்பான். சாயங்காலமானா பலகைக்கு அந்தப் பக்கம் ரெண்டு பேரும் பேசுறதும் அவ சிரிக்கிறதும் கேக்கும். என் வீட்டுல இருந்த காலத்துல அவ அப்படிச் சிரிச்சு நான் கேட்டதில்ல. பொண்டாட்டியைக் கண்டிச்சு வைக்காதவன் குடும்பத்தை எப்படிக் காப்பாத்துவான்? எனக்கு அந்தக் கவலைதான்.

அவளோட இடது கை வளைஞ்சிருக்கும், நீங்க ஆசுபத்திரியில பாத்திருப்பீங்க. கெணத்தடியில வழுக்கி விழுந்துட்டான்னு சொல்லி வச்சிருந்தோம். முழுசாச் சொல்லணும்னு உக்காந்த பெறகு அதை ஏன் மறைக்கணும். நான்தான் முறுக்கினேன். ஒரு தடவை என்னைக் கேக்காம திருவிழாப் பாக்கப் போயிட்டு வந்தா. முறுக்கினது கொஞ்சம் கூடிப்போச்சு. கட்டுப் போட நானேதான் கூட்டிட்டுப் போனேன். கை சேர்ற வரைக்கும் நானே பொங்கிப் போட்டேன். நான் பொங்கிப் போட்டதை மட்டும் அவ யார்கிட்டயும் சொல்ல மாட்டா.

அன்னைக்கு முதலாளியைப் போடி ரயிலடியில விட்டுட்டு, சாயங்காலம் காரோட மேலே வந்து நிக்கிறேன். மொக்கையன் வந்தான்.

"மச்சான், முதலாளி காரை எடுத்துக்கிடச் சொல்லிட்டாரு. நாளைக்கு ராக்குவை ஆசுபத்திரியில காமிச்சுட்டு அப்படியே தேவாரம் கூட்டிட்டுப் போறேன். புள்ளை அங்க பொறக்கட்டும்."

"சரி. பொறந்ததும் கூட்டிட்டு வந்துரு."

"இல்ல மச்சான். அங்கயே இருந்துக்கிடுறோம். அவ கை எப்படி ஒடிஞ்சதுன்னு சொல்லிட்டா. நான் உங்களை ஒண்ணும் கேக்கலை. எனக்குச் சோலி வாங்கிக் குடுத்தவரு நீங்க. ஆனா இனிமே அவளை இங்க வச்சிருக்க மாட்டேன்."

மரியாதையாத்தான் பேசினான். நானும் தலையை ஆட்டினேன்.

அவன் உள்ள போனதும் காருகிட்டக் குத்தவச்சு உக்காந்தேன். மலையேறி வந்த டயர் நல்ல சூடு. முன்பக்கத்து டயர் ரெண்டுலயும் காத்தை எறக்கினேன். எல்லாத்தையும் இல்ல. பாத்தாத் தெரியாத அளவுக்கு. மிச்சத்தைப் பனி பாத்துக்கிடும்னு தெரியும். அதனால, பாதிக் காரியம் பனி பண்ணினதுன்னுகூட நீங்க எழுதிக்கிடலாம்.

விடிஞ்சப்ப புல்லெல்லாம் வெள்ளையாக் கெடந்துச்சு. வாயைத் தொறந்தாப் புகை. மொக்கையன் வழக்கம்போல மீட்டரை எடுத்துக்கிட்டு வந்து பின்பக்கத்து டயரைப் பாத்தான். சரியா இருந்துச்சு. முன்பக்கம் போக எந்திரிச்சான்.

"நான் பாத்துட்டேன் மாப்ளே. வெரசாக் கெளம்பு."

"நீங்க பாத்தாச் சரிதான் மச்சான்"னு மீட்டரை என் கையில குடுத்துட்டான்.

ராக்கு பின் சீட்டுல கம்பளியைப் போத்திக்கிட்டு உக்காந்திருந்தா. "வர்றேண்ணே"ன்னா. சொன்னாளே தவிர, திரும்பி வர்றவ மூஞ்சி இல்ல அது.

அவ வண்டியில இருக்கான்னு தெரிஞ்சுமான்னு கேக்குறீங்க. தெரியும் அய்யா. கேட்டைத் தாண்டுற வரைக்கும் கூப்பிட்டு நிறுத்த நேரம் இருந்துச்சு. நான் ஜீப்புல மூட்டைக் கயித்தை இழுத்துக் கட்டிக்கிட்டு நின்னேன்.

லோடு எறக்கப் போறாப்புல பின்னாலயே ஜீப்பை எடுத்தேன். மேட்டைத் தாண்டி எறங்குற சரிவுல, ஒரு வளைவுல, ஸ்டியரிங்கை ஒடிச்ச ஒடிப்புக்கு முன் டயர் ரிம்மை விட்டுக் கழண்டிருச்சு. கார் பாறையில மோதி ஒருச்சாஞ்சு கெடந்துச்சு. பள்ளத்துக்குள்ள போயிரும்னு நெனச்சிருந்தேன். போகலை.

மொக்கையனுக்குக் கால் உள்ள மாட்டிக்கிருச்சு. முழிப்பாத்தான் இருந்தான். என்னைப் பாத்ததும் அவனுக்கு ஒரு தெம்பு வந்துச்சு. "வந்துட்டீங்களா மச்சான். மொதல்ல ராக்குவை வெளிய எடுங்க"ன்னான்.

எடுத்தேன். பக்குவமா ரோட்டோரத்துல படுக்க வச்சு, தலைக்குத் துண்டைச் சுருட்டிக் கொடுத்தேன். ரத்தம் போய்க்கிட்டிருந்துச்சு, ஆனா நெனவு இருந்துச்சு. அப்புறம் ஜீப்புக்குப் போயி, சக்கரம் கழட்டுற ஸ்பேனரை எடுத்துட்டு வந்தேன். கதவை நெம்பத்தான் கொண்டாறேன்னு மொக்கையன் நெனச்சிருக்கான். எனக்குத் தோதா உடம்பை ஒதுக்கி எடம் விட்டான்.

மொத அடி நெத்தியில. அதோட முடிஞ்சிருக்கணும், மண்டை கெட்டி. கையைக் கொண்டாந்து மறைச்சான். அதனால கையிலயும் அடிக்க வேண்டியதாப் போச்சு. "மச்சான், மச்சான்"னான். எத்தனை அடின்னு எண்ணலை. மூஞ்சி மூஞ்சியா இல்லாமப் போனதும் நிறுத்தினேன். திரும்பினா, ராக்கு கண்ணைத் தொறந்து பாத்துக்கிட்டே கெடக்கா. கத்தலை. அடி விழுறப்பக் கத்தக் கூடாதுன்னு சின்ன வயசுலயிருந்தே நான் அவளைப் பழக்கியிருக்கேன்.

மூட்டையெல்லாத்தையும் ரோட்டுலயே தள்ளிட்டு, அவளை ஜீப்புல படுக்கவச்சு, முந்தல் வழியா போடி ஆசுபத்திரிக்குக் கொண்டுவந்து சேத்தது நான்தான். ஓடணும்னு நெனச்சிருந்தா மலைக்கு அந்தப் பக்கம் எறங்கியிருக்கலாம். ஓடலை. வயித்துல இருந்தது தங்கலைன்னு நர்சம்மா வந்து சொன்னாங்க. வருத்தந்தான். ஆனா அப்பன் இல்லாத புள்ளையை வச்சுக்கிட்டு அவ என்ன பாடு பட்டிருப்பா, யோசிச்சுப் பாருங்க.

அவ எல்லாத்தையும் உங்ககிட்டச் சொல்லிட்டாளாம். சொன்னது அத்தனையும் நெசம். காத்தை எறக்கினது நான். மொக்கையனைக் கொன்னது நான். கையெழுத்துப் போடச் சொல்ற எடத்துல போடுறேன். என் மூஞ்சியில இனி முழிக்க மாட்டேன்னும் சொன்னாளாமே. அது அவ பேசுறது இல்ல, வலி பேசுறது. அவளை எனக்குத் தெரியும். என்னை விட்டா அவளுக்கு யாரு இருக்கா?

நீங்க மறுபடி ஆசுபத்திரிப் பக்கம் போனா ஒரு வார்த்தை மட்டும் சொல்லுங்க அய்யா. பயப்பட வேண்டாம், அண்ணனுக்கு அவ மேல கோவம் இல்லைன்னு.